மின்னணு சிகரெட்: தடை இருக்கிறது, தடுப்பு எங்கே?

இந்தியாவில் மின்னணு சிகரெட் தடை செய்யப்பட்ட பொருள். 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டமாக அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்ற சட்டம், அதன் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், விளம்பரம் ஆகிய அனைத்தையும் குற்றமாக்கியது. முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடியும் பிடிபட்டால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும். இருப்பு வைத்திருப்பதற்கும் தனித் தண்டனை உண்டு. ஏட்டில் பார்த்தால் உலகின் கடுமையான சட்டங்களுள் இது ஒன்று.

ஆனால், மும்பையின் பான் பீடிக் கடைகளிலும் கிடங்குகளிலும் சோதனை நடத்தி மின்னணு சிகரெட்டுகளைக் கைப்பற்றியதாகக் காவல்துறை அவ்வப்போது அறிவித்துக்கொண்டே இருக்கிறது. துறைமுகங்களில் வருவாய்ப் புலனாய்வுத் துறை பெட்டி பெட்டியாகப் பிடிக்கிறது. சட்டத்தைக் கண்டிப்புடன் நிறைவேற்ற வேண்டும் என்று ஒன்றிய சுகாதார அமைச்சகமே 2023இல் பொது அறிவிப்பு வெளியிட நேர்ந்தது. இப்பொருளை விற்ற இணையதளங்களுக்கு நோட்டீசும் அனுப்பியது. தடை செய்யப்பட்ட நான்காவது ஆண்டில் தடையை நினைவூட்ட வேண்டிய நிலை ஏன் வந்தது? அதிகாரிகளின் மெத்தனமும் மாமூலும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. அதைவிட ஆழமான காரணம், இக்கருவியைப் பற்றி மக்கள் மனத்தில் வேரூன்றியுள்ள கருத்துகள். அந்தக் கருத்துகள் தாமாக முளைத்தவை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சயானை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். ரயில் நிலையத்தின் மேற்கே தாராவி; தெற்கே மாட்டுங்காவின் கல்லூரிகள்; கிழக்கே செம்பூர். இந்த மூன்று பகுதிகளிலும் தமிழர்கள் வாழ்கின்றனர். ஒரே மொழி பேசினாலும் அவர்கள் ஒரே வர்க்கத்தினர் அல்லர். மாட்டுங்கா, செம்பூரின் நடுத்தரக் குடும்பங்களில், பிள்ளை புகைக்கிறானா என்று அறியப் பெற்றோர் வைத்திருக்கும் சோதனை வாசனைதான். சட்டையில் சிகரெட் வாடை வீசவில்லை என்றால் நிம்மதி. பென் டிரைவ் போன்றோ எழுதுகோல் போன்றோ இருக்கும் ஒரு பொருள், மாம்பழ வாசனையோ புதினா வாசனையோ வீசும்போது, அது மகனின் பையில் இருந்தாலும் மகளின் பையில் இருந்தாலும் அவர்களுக்கு எந்த எச்சரிக்கையையும் தருவதில்லை. தாராவியிலோ கருத்து வேறு: அது பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு, ஆயிரக்கணக்கில் கொடுத்து யார் வாங்குவது, உழைக்கும் மக்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்பது. இந்த இரு பகுதிகளின் இளைஞர்களும் ஒரே வகுப்பறையில் அமரும்போது அவர்களிடையே உலவும் கருத்து மூன்றாவது: இது சிகரெட் அல்ல, வெறும் நீராவி.

இம்மூன்று கருத்துகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன, மூன்றும் தவறானவை.

2016-17ஆம் ஆண்டின் உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் மின்னணு சிகரெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த வயதுவந்தோர் 3 விழுக்காட்டினர் மட்டுமே, பயன்படுத்தியவர்கள் 0.02 விழுக்காடு. 13 முதல் 15 வயது வரையுள்ள பள்ளி மாணவர்களிடையே 2019இல் நடந்த இளைஞர் புகையிலை ஆய்வில், 28.4 விழுக்காட்டினர் அதைப் பற்றி அறிந்திருந்தனர், 2.8 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் பயன்படுத்தியிருந்தனர். இரண்டும் வெவ்வேறு ஆய்வுகள், வெவ்வேறு வயதினரிடம் எடுக்கப்பட்டவை. ஆகவே எண்ணுக்கு எண் ஒப்பிடுவது சரியாகாது. எனினும் பெற்றோர் கேள்விப்படாத ஒன்றைப் பிள்ளைகள் அறிந்திருக்கின்றனர் என்பதை இவை காட்டுகின்றன. இளைஞரைப் பற்றிய அந்த ஆய்வு கூறும் இன்னொரு செய்தி இதைவிடக் கசப்பானது. பீடி புகைக்கும் மாணவர்களில் 47 விழுக்காட்டினரும், மெல்லும் புகையிலையைப் பயன்படுத்துவோரில் பாதிக்கும் மேற்பட்டோரும் பத்து வயது நிறைவதற்குள்ளேயே அதைத் தொடங்கியவர்கள்.

நீராவி என்ற சொல்லே ஒரு விளம்பரத் தந்திரம். கருவியில் இருப்பவை ஒரு மின்கலம், சூடேறும் ஒரு கம்பிச்சுருள், ஒரு திரவம். திரவத்தில் புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின், வாசனைப் பொருட்கள் ஆகியவற்றோடு நிகோடினும் கலந்திருக்கும். சூடேறும்போது எழுவது நுண்ணிய வேதித் துளிகளின் மூட்டம். அது நுரையீரலின் ஆழம் வரை செல்லும். கம்பிச்சுருளிலிருந்து நிக்கல், ஈயம் போன்ற உலோகங்களும் அதில் சேர்வதை ஆய்வுகள் கண்டுள்ளன. நிகோடின் ஒரு காலத்தில் பூச்சிக்கொல்லியாக வயல்களில் தெளிக்கப்பட்ட பொருள். சாதாரணச் சிகரெட்டில் அது தொண்டையைக் கரிக்கும். முதல் முறை புகைப்பவன் இருமுவான். பலர் அத்தோடு விட்டுவிடுவதும் உண்டு. நிகோடினை உப்பு வடிவத்துக்கு மாற்றி அந்தக் கரிப்பை நீக்கியதுதான் ஜூல் போன்ற நிறுவனங்களின் 'கண்டுபிடிப்பு'. அந்நிறுவனத்தின் ஒரு சிறு குப்பியில் இருந்த நிகோடின் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு ஈடானது என்று அந்நிறுவனமே கூறியது. இருமல் என்ற இயற்கையின் எச்சரிக்கையை அகற்றிவிட்டு, அதன் இடத்தில் மாம்பழத்தை வைத்தார்கள்.

தீங்கு குறைந்த புகை என்ற வாக்குறுதி புதிதல்ல. நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பு வெளிச்சத்துக்கு வந்த 1950களில், அமெரிக்காவின் லாரிலார்டு நிறுவனம் கென்ட் என்ற சிகரெட்டை, உடல்நலத்தைக் காக்கும் வடிகட்டி பொருத்தியது என்று விளம்பரப்படுத்தி விற்றது. அந்த வடிகட்டியில் இருந்தது கல்நார். அதிலும் மிகக் கொடிய நீலக் கல்நார். அதன் பின்னர் 'லைட்' வந்தது, 'மைல்டு' வந்தது. இந்தியாவிலோ வில்ஸ் நிறுவனம் கிரிக்கெட்டைத் தூக்கி வளர்த்தது; 1996 உலகக் கோப்பையே அதன் பெயரைத் தாங்கியது. காட்ஃபிரே பிலிப்ஸ் நிறுவனம் தன் சிகரெட்டின் பெயரிலேயே வீரதீர விருதுகளை வழங்கியது. விழித்துக்கொள்ளும் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு புதிய மயக்கம் ஆயத்தமாக இருந்திருக்கிறது.

இன்றைய மின்னணு சிகரெட் 2003இல் சீன மருந்தாளுநர் ஹான் லிக் உருவாக்கியது. கடும் புகைப்பழக்கத்திலிருந்து விடுபட முயன்றவர் அவர். அவரது முயற்சி பத்தே ஆண்டுகளில் இம்பீரியல் டொபாக்கோ என்ற பன்னாட்டுப் புகையிலை நிறுவனத்தின் கைக்குப் போனது. மார்ல்பரோ சிகரெட்டை விற்கும் ஆல்ட்ரியா, 2018 டிசம்பரில் ஜூல் நிறுவனத்தின் 35 விழுக்காட்டுப் பங்குகளை 1,280 கோடி டாலருக்கு வாங்கியது. புகைப்பதைக் கைவிட உதவுவதாகச் சொல்லப்பட்ட ஒரு கருவிக்குச் சிகரெட் முதலாளி இவ்வளவு பெரும் தொகையை ஏன் கொடுக்க வேண்டும்? அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மின்னணு சிகரெட் பயன்படுத்தும் மாணவர்கள் 2017இல் 11.7 விழுக்காடு, 2018இல் 20.8, 2019இல் 27.5. முதலாளி வாங்கியது இந்த வளர்ச்சி வேகத்தைத்தான். இளைஞர்களைக் குறிவைத்து விற்றதற்காக 30க்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களுக்கு 43.85 கோடி டாலர் செலுத்த 2022இல் ஜூல் உடன்பட்டது. மேலும் பல வழக்குகளிலும் அதே கதி நேர்ந்தது. அதன்பின் அங்கு மாணவர்களின் பயன்பாடு வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனால் பழக்கத்துக்கு அடிமையாகிப் பள்ளியை விட்டு வெளியேறிய ஒரு தலைமுறைக்கு அந்த இழப்பீட்டால் பயனில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 2019இல் அமெரிக்காவில் 2,800க்கும் மேற்பட்டோர் நுரையீரல் பாதிப்புடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டு 68 பேர் உயிரிழந்ததைப் பலரும் மேடைகளில் எடுத்துக்காட்டுகின்றனர். அவற்றுள் பெரும்பாலானவை, கஞ்சாச் சத்து அடங்கிய கள்ளச்சந்தைத் திரவங்களில் வைட்டமின் ஈ அசிட்டேட் கலந்ததால் நேர்ந்தவை என்று பின்னர் தெரியவந்தது. எல்லா மின்னணு சிகரெட்டும் அடுத்த வாரமே உயிரைக் குடிக்கும் என்று ஒரு கல்லூரி மாணவனிடம் சொன்னால், அன்றிரவே அவன் உண்மையைத் தேடிப் படித்துவிடுவான். அதன்பின் சொல்லப்படும் எதையும் நம்பமாட்டான். அடிமைத்தனம் என்ற ஒன்றே போதுமான குற்றச்சாட்டு, மிகைப்படுத்தல் தேவையில்லை.

ஒன்றிய அரசின் தடை எப்படி வந்தது என்பதையும் மறக்கலாகாது. ஜூல் நிறுவனம் 2019 தொடக்கத்தில் இந்தியச் சந்தையில் நுழைய ஆட்களை அமர்த்திக்கொண்டிருந்தது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட மருத்துவர்கள் தடை கோரிப் பிரதமருக்கு எழுதினர். முழுத் தடையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் மே மாதம் பரிந்துரைத்தது. தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்கள் அதற்கு முன்பே தடை விதித்திருந்தன. மருத்துவர்கள் கோரியது நியாயம், தடையும் நியாயம். ஆனால் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தடையை அறிவித்த அதே நாளில் ஐ.டி.சி., காட்ஃபிரே பிலிப்ஸ் ஆகிய சிகரெட் நிறுவனங்களின் பங்கு விலை உயர்ந்தது. சந்தை அந்த அறிவிப்பைச் சரியாகவே புரிந்துகொண்டது: புதிய வியாபாரிக்குக் கதவு அடைபட்டது, பழைய வியாபாரிக்குக் கடை பத்திரம். அந்த ஐ.டி.சி.யில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ என்ற பன்னாட்டு நிறுவனத்தின் கையில் உள்ளது. ஏறத்தாழ 15 விழுக்காடு, பொதுமக்களின் காப்பீட்டுப் பணத்தைக் கொண்டு எல்.ஐ.சி. வைத்திருப்பது.

புகையிலை இந்நாட்டில் ஆண்டுக்கு 13 லட்சத்திற்கும் மேற்பட்டோரைக் கொல்கிறது. வயதுவந்தோரில் 0.02 விழுக்காட்டினர் பயன்படுத்திய பொருளுக்கு அவசரச் சட்டம், 28.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 27 கோடிப் பேர் பயன்படுத்தும் பொருளுக்கு ஒரு படமும் எச்சரிக்கை வாசகமும். தாராவியின் பார்வையில் இது எப்படித் தெரியும் என்று விளக்க வேண்டியதில்லை. பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்று அங்குள்ளோர் சொல்வது உண்மையின் ஒரு பாதி. மறுபாதி, எந்தப் போதைப் பொருளும் மேல்தட்டோடு நிற்பதில்லை என்பது. விலை குறைந்த, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகைகள் அந்த எல்லையை ஏற்கெனவே கடந்துவிட்டன. கடைசியில் பற்று முற்றியவனுக்குக் கையில் காசில்லாதபோது, அதே நிகோடினைச் சில ரூபாய்க்குத் தரும் பீடியும் மாவாவும் தெருமுனையிலேயே காத்திருக்கின்றன.

தடையை எதிர்ப்போரின் வாதத்தில் ஒன்று கவனத்துக்குரியது. எரியும் புகையிலையில் உள்ள நச்சுகளில் பல மின்னணு சிகரெட்டில் இல்லை அல்லது குறைவு. நெடுநாள் புகைத்தவர்கள் அதன் உதவியால் சிகரெட்டைக் கைவிட்டுள்ளனர். பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை அதைப் பரிந்துரைக்கவும் செய்கிறது. இவை பொய்யல்ல. ஆனால் பிரிட்டனில் அந்தப் பரிந்துரைக்குப் பின்னே கட்டணமில்லாத பொது மருத்துவச் சேவையும், புகையைக் கைவிட ஆலோசனை தரும் மையங்களும் உள்ளன. அந்த நாடே, பிள்ளைகளிடம் பரவியதைக் கண்டு, 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகைகளை விற்கத் தடை விதித்தது. இந்தியாவின் நிலையோ அடிப்படையிலேயே வேறு. இங்கே புகைப்போர் 10.7 விழுக்காடு; மெல்லும் புகையிலையைப் பயன்படுத்துவோர் 21.4 விழுக்காடு. புகைப்போரிலும் சிகரெட்டைவிட பீடியே மிகுதி. கைனியை உதட்டில் அடக்கிக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் தோல் பதனிடுபவருக்கும், காலையில் மஷேரியால் பல் துலக்கும் பெண்ணுக்கும், பசியை மறக்க மாவா மெல்லும் சுமைத் தொழிலாளிக்கும் இந்தக் கருவி எதற்கு மாற்று? லண்டன் வீதிக்குப் பொருந்தும் வாதத்தை அப்படியே பெயர்த்துத் தாராவித் தெருவில் வைப்பது அறிவியல் ஆகாது.

தடையைக் கட்சி ஆதரிக்க வேண்டும் என்பதில் குழப்பம் இருக்கலாகாது. அது எவ்வாறு நிறைவேற்றப்படுகிறது என்பதில்தான் போராட்டம் இருக்கிறது. மகாராஷ்டிரம் 2012இல் குட்காவைத் தடை செய்தது. வணிகர்கள் பான் மசாலாவை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை இன்னொரு பொட்டலத்திலும் அடைத்து, வாங்குபவனே கலந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். பிடிபட்டவர்களோ பெரும்பாலும் பெட்டிக்கடைக்காரர்களும் மூட்டை தூக்கியவர்களுமே. மின்னணு சிகரெட்டிலும் அதுவே தொடர்கிறது. கடல்வழி வரும் சரக்கை யார் தருவிக்கிறார், யார் பணம் போடுகிறார் என்ற கேள்வி கடைவாசலோடு நின்றுவிடுகிறது. அச்சரக்கின் பிறப்பிடம் பெரும்பாலும் சீனத்தின் ஷென்சென் நகரம். வாசனையூட்டிய மின்னணு சிகரெட்டைத் தன் நாட்டு மக்களுக்கு விற்பதை 2022 அக்டோபரில் தடை செய்த சீன அரசு, ஏற்றுமதிக்கு அத்தடையைப் பொருத்தவில்லை. சொந்த நாட்டு இளைஞர்களுக்கு ஆகாதது பிற நாட்டு இளைஞர்களுக்கு ஆகும் என்ற நிலையை எவர் மேற்கொண்டாலும் அதை ஏற்க இயலாது.

இன்னொன்றையும் பரவலாக எடுத்துச் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டம் விற்பவரையும் தருவிப்பவரையும் தண்டிக்கிறதேயன்றி, பயன்படுத்துவதைக் குற்றமாக வரையறுக்கவில்லை. அது சரியான அணுகுமுறை. மாணவன் குற்றவாளி அல்லன். இது தெரியாத பிள்ளைகள் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் வாய்திறக்க அஞ்சுகின்றனர். பையைச் சோதிக்கும் கைகள் மிரட்டிப் பணம் பறிக்க அந்த அச்சமே வசதி செய்கிறது. கல்லூரிகளில் பிடிபடுவோரை வெளியேற்றிவிட்டுத் தம் கடமை முடிந்ததாக நிர்வாகங்கள் கருதுவதையும் மாணவர் அமைப்புகள் எதிர்க்க வேண்டும். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜ தூரத்துக்குள் எந்தப் புகையிலைப் பொருளையும் விற்கக் கூடாது என்ற 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி எங்கெல்லாம் மீறப்படுகிறது என்பதை, சயானிலும் மாட்டுங்காவிலும் ஒரு நாள் நடந்து பார்த்தாலே கணக்கெடுத்துவிடலாம்.

கட்சி அணிகள் தம்மைப் பற்றியும் சற்று எண்ணிப் பார்ப்பது நல்லது. கூட்டத்தின் இடைவேளையில் தேநீரோடு பீடி பற்றவைப்பது தொழிற்சங்க வாழ்வின் அடையாளமாகவே இருந்துவந்திருக்கிறது. அப்புகையின் நடுவே நின்றுகொண்டு வாலிபருக்கு அறிவுரை சொன்னால் எடுபடாது.

பீடித் தொழிலாளர்களின் வாழ்வுக்கு என்ன விடை என்ற கேள்வி உடனே எழும், எழ வேண்டும். தாராவித் தமிழர்களில் பெரும்பகுதியினரின் பூர்வீகமான திருநெல்வேலிச் சீமையில் பெண்கள் இன்றும் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுகின்றனர். நாடெங்கும் ஏறத்தாழ 50 லட்சம் பேர் இத்தொழிலில் பதிவு பெற்றவர்கள். அவர்களைப் பட்டினி போட்டு யாருடைய நுரையீரலையும் காக்க முடியாது. இதற்குக் கண்ணூர் ஒரு வழி காட்டியிருக்கிறது. 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்ற மறுத்து முதலாளிகள் கடையைக் கட்டியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் 1969இல் தினேஷ் பீடி கூட்டுறவை அமைத்தனர், அன்றைய இ.எம்.எஸ். அரசு துணை நின்றது. பின்னாளில் பீடிக்குத் தேவை குறைந்தபோது, அதே கூட்டுறவு மசாலாப் பொடி, தேங்காய்ப்பால், குடை, ஆடை, மென்பொருள் என்று புதிய துறைகளில் இறங்கியது. தொழிலாளர்களை நடுத்தெருவில் விடாமல் தொழிலை மாற்ற இயலும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? அரசு முதலீடும் கூட்டுறவு நிர்வாகமும் இல்லாமல் அது நடந்திருக்காது என்பதையும் அந்த அனுபவம் சொல்கிறது.

சயானில் உடனடியாகச் செய்யக்கூடியதும் உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகளைக் கொண்ட லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை, தாராவியின் உழைக்கும் மக்கள் முதலில் ஓடும் இடம். உலகின் வாய்ப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்தியர். அவர்களுள் பலர் நோய் முற்றிய பிறகே பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனையின் வரிசையில் நிற்கின்றனர். நிகோடின் மிட்டாய்ப் பசையும் பட்டையும் 2022இல் அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பட்டியலில் இடம்பெற்ற மருந்து மாநகராட்சி மருந்தகத்தின் சன்னலில் விலையின்றிக் கிடைக்க வேண்டும். புகையிலையைக் கைவிட ஆலோசனை தரும் பிரிவு, தினக்கூலியை இழக்காமல் வரத்தக்க மாலை வேளையிலும் இயங்க வேண்டும். அங்கே மராத்தியும் இந்தியும் போலத் தமிழும் பேசுவோர் இருக்க வேண்டும். மின்னணு சிகரெட்டுக்கு அடிமையான மாணவனும் அதே கதவைத் தட்டத் தக்கவன். அவன் பெயர் காவல் நிலையத்துக்கோ கல்லூரிக்கோ போகாது என்ற உறுதியை மருத்துவமனை எழுத்தில் ஒட்டி வைக்க வேண்டும். 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா உதவி எண்ணைக் கிளைகள் தங்கள் சுவரொட்டிகளில் அச்சிடலாம். இக்கோரிக்கைகளோடு வாலிபர், மாதர், மாணவர் அமைப்புகள் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஒரே மனுவில் கையெழுத்து திரட்டி, மாநகராட்சியின் சுகாதார அதிகாரியிடம் அளிக்க வேண்டும்.